சிரிக்க வைத்தவர்களும் கூட நின்றவர்களும்

தமிழன் கடல் தாண்டும்போது பெட்டியில் எதை எடுத்து வைக்கிறானோ இல்லையோ, நகைச்சுவைக் காட்சிகளைத் தவறாமல் எடுத்து வருகிறான். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி, மூன்று நாள் கழித்து ஹாடோ துறையில் இறங்கிய நம்மவர் பெட்டிகளில் ஒரு காலத்தில் ஒலிநாடாக்கள் இருந்தன. பிறகு வீடியோ கேசட்டுகள் வந்தன. அதற்குப் பிறகு குறுந்தகடுகள். 2020 ஆகஸ்டில் சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வந்து சேர்ந்தபின் பெட்டிக்கே வேலை இல்லாமல் போயிற்று. இன்று அபர்டீன் பஜாரில் காய்கறி வாங்கிக்கொண்டே கைபேசியில் வடிவேலுவைப் பார்க்கலாம்.

நம் பேச்சிலும் அவர்கள்தான் இருக்கிறார்கள். வெட்டி வீரம் பேசுகிறவரைக் 'கைப்புள்ள' என்கிறோம். எல்லாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிறவர் 'ஆல் இன் ஆல் அழகுராஜா' ஆகிறார். ஊரிலிருந்து 1,200 கிலோமீட்டர் தள்ளி, நான்கு பாஷைக்காரர்களுக்கு நடுவில் வாழும் நமக்கு இந்தப் பெயர்களே ஓர் உறவு போல ஆகிவிட்டன என்றால் மிகையாகாது.

சிரித்துவிட்டுப் போகவேண்டியதுதானே, இதில் ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். சற்றே நிதானமாக எண்ணிப் பாருங்கள். நம்மைச் சிரிக்க வைத்த பாத்திரங்கள் எதனுடன் மல்லுக்கட்டின? குடியுடன், கூடா நட்புடன், குடும்பச் சண்டையுடன், மற்றவர்கள் செய்யும் கேலியுடன். இந்த நான்கும் திரையில் மட்டும் இருப்பவை அல்ல. ஊரிலாவது பெரியப்பா, தாய்மாமன், எதிர்வீட்டு அத்தை என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். தீவில் நமக்கு நாமேதான். எனவே அந்தச் சிரிப்புகளை ஒருமுறை திருப்பிப் பார்ப்பதில் பயன் உண்டு. எந்தப் பாத்திரம் கரையேறியது, யார் கை கொடுத்ததால் ஏறியது என்று மட்டும் பார்ப்போம்.

சிலோனுக்கு ஓடிய குடிகாரன்

1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி' எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த படம் என்று எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் திரைக்கு வந்த தொடக்கப் படங்களிலும் இது ஒன்று. கதையை எழுதியவர் எஸ்.எஸ்.வாசன். அதன் மூலம் மிஸஸ் ஹென்றி வுட் என்ற ஆங்கிலப் பெண்மணி 1860-இல் எழுதிய மதுவிலக்கு நாவல். அதாவது தமிழ்ப் படம் பேசக் கற்றுக்கொண்ட ஐந்தாம் ஆண்டிலேயே குடியைப் பற்றிப் பேசியிருக்கிறது.

கதாநாயகன் வசதியான மனிதன். நண்பன் என்று வந்தவன் குடிக்கு இழுத்து விடுகிறான். சொத்து போகிறது, போதையில் ஒரு கொலையையே செய்துவிட்டதாக நம்பிச் சிலோனுக்கு ஓடுகிறான். தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்கிறான். ஊரில் மனைவி லீலாவதி ராட்டையில் நூல் நூற்றுப் பிழைக்கிறாள்.

இந்தக் கதை நம் தீவுகளுக்கு அந்நியமானது அன்று. 1964-இல் கையெழுத்தான சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சில, நிக்கோபார் பகுதியிலுள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தோட்ட வாழ்வு என்றால் என்ன, மாலையில் உடல் வலிக்கு என்ன மருந்து தேடுவார்கள் என்பது அந்தக் குடும்பங்களின் பெரியவர்களுக்குத் தெரியும். படத்தில் இரண்டு வகைத் துணை வருகிறது. ஒன்று குடிக்கக் கூப்பிட்ட துணை. மற்றது காத்திருந்த துணை. குடிக்கும் வீட்டில் இன்றும் இவ்விரண்டும்தான் இழுபறி செய்துகொண்டிருக்கின்றன.

தீவாந்தர தண்டனை பெற்ற சிரிப்பு

கலைவாணர் வாழ்வில் நம் தீவின் நிழல் ஒருமுறை விழுந்தது. இது பலருக்கு நினைவிருக்காது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945-இல் கிடைத்த தண்டனை அக்காலச் சட்டத்தின் வார்த்தைப்படி ஆயுட்கால நாடு கடத்தல். நம் முன்னோர் அதைத்தான் 'தீவாந்தரம்' என்றார்கள். தீவாந்தரம் என்றால் அந்தமான்தான். ஆனால் 1942 மார்ச்சிலிருந்து இத்தீவுகள் ஜப்பானியர் வசம் இருந்தன. ஆகவே பெயருக்குத் தீவாந்தரம். உண்மையில் தாயகத்துச் சிறை.

நாட்டையே சிரிக்க வைத்தவர் கம்பிக்குப் பின்னே இருந்த அந்த நாட்களில் வெளியே ஓயாமல் போராடியவர் அவர் மனைவி டி.ஏ.மதுரம். திரையில் அவருக்கு ஈடுகொடுத்துப் பேசிப் பேசியே ஜோடி சேர்ந்தவர். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. அங்கிருந்து மறு விசாரணைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. பாகவதரின் கொடி அதன்பின் பழையபடி பறக்கவில்லை. கலைவாணரோ எழுந்து வந்தார்.

வந்து என்ன செய்தார்? 1949-இல் அறிஞர் அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யில் நடித்தார். சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். படம் மதுவிலக்கைப் பற்றிப் பேசியது. குடிப்பவனை அடித்துத் திருத்து என்று சொல்லாமல், சிரிக்க வைத்து, குடிக்கிற காசு எங்கே போகிறது என்று எண்ண வைத்தது.

அதே படத்தில்தான் 'கிந்தனார்' கதாகாலட்சேபம் வருகிறது. நந்தனார் சரித்திரத்தைச் சொல்லும் பாணியிலேயே, படிக்க ஆசைப்பட்ட ஓர் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவனின் கதையைக் கலைவாணர் சொல்கிறார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது வசவும் அடியும். ரயிலேறிப் பட்டணம் போகிறான். படித்துப் பெரிய உத்தியோகத்துடன் திரும்பி வருகிறான். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை மற்றவர்கள் சேர்ந்து சிறுமைப்படுத்துவதைப் பற்றி இன்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். கலைவாணர் அதை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துச் சொல்லிவிட்டார். அங்கே நாம் அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பிள்ளையை அடித்த வாத்தியாரைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

சந்திரபாபு

எல்லோருக்கும் இப்படி அமைந்துவிடுவதில்லை. ஜே.பி.சந்திரபாபு 1927-இல் தூத்துக்குடியில் பிறந்தவர். தந்தை சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டதால் குடும்பம் சிலோனுக்குப் போக நேர்ந்தது. இளமை கொழும்பில் கழிந்தது. அவரும் நம்மைப் போலக் கடல் தாண்டி வளர்ந்த பிள்ளைதான். பாட்டு, நடனம், நடிப்பு மூன்றும் ஒருங்கே அமைந்த கலைஞர். 1958-இல் 'சபாஷ் மீனா'வில் சிவாஜிக்கு இணையாக நின்று சிரிக்க வைத்தார். 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தாமே இயக்கினார்.

திருமணம் நிலைக்கவில்லை. எடுக்கத் தொடங்கிய படம் பாதியில் நின்றது. மதுவும் மருந்தும் அவரைப் பிடித்துக்கொண்டன. 1974-இல் இறந்தபோது வயது 46. அவருக்கு நண்பர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் குடியை ஒரு நோயாகப் பார்த்து, அதற்கென்று வைத்தியம் செய்யும் இடங்கள் அப்போது மிக அரிது. 'ஒழுக்கம் கெட்டவன்' என்று ஒதுக்குவதும், 'பாவம், கலைஞன்' என்று ஊற்றிக் கொடுப்பதும்தான் அக்கால வழக்கம். இரண்டும் கைவிடுவதுதான் என்பதை நாம் இப்போது உணர்கிறோம்.

நாகேஷும் ஒரு பிட்டரும்

நாகேஷ் திரைக்கு வருமுன் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தார். இதைச் சொல்லிக்கொள்வதில் எங்களைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்கு ஒரு பெருமை. அம்மை நோய் முகமெல்லாம் வடுவாக்கிவிட்டுப் போனது, உடலோ ஒல்லி. கேலி செய்ய நினைப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? அந்த முகத்தையே மூலதனமாக்கி 1964-இல் 'சர்வர் சுந்தரம்' ஆனார். 1968-இல் 'எதிர்நீச்சல்' படத்தில் மாது ஆனார். மாது பல குடித்தனங்கள் உள்ள வீட்டின் மாடிப்படிக்குக் கீழே வாழும் அநாதை. எல்லோரும் கூப்பிட்டு வேலை வாங்குவார்கள், சோறு போடக் கணக்குப் பார்ப்பார்கள். மேஜர் சுந்தரராஜன் நடித்த நாயர் போன்ற ஒருவர் அவனை மனிதனாக மதித்ததால் அவன் நிமிர முடிகிறது. 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் குடிக்கு அடிமையான டாக்டராக வந்தார். கோப்பையைத் தூக்கிச் சுவரில் விழும் தன் நிழலுக்கே வாழ்த்துச் சொல்லிக் குடிப்பார். கொட்டகை சிரித்தது. குடிகாரனுக்குக் கடைசியில் நிழல் மட்டும்தான் கூட்டாளி என்று அந்தக் காட்சி சொன்னது.

நான் பணியாற்றிய டீசல் ஷெட் ஒன்றில் ஒரு பிட்டர் இருந்தார். நாகேஷ் மாதிரி நடந்து காட்டுவார், பேசிக் காட்டுவார். அதனால் ஷெட்டில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. இரவு ஷிப்ட்டுக்குத் தள்ளாடிக்கொண்டு வருவார். வந்ததும் ஒரு காட்சி நடக்கும், ஷெட்டே சிரிக்கும். சம்பள நாளன்று மட்டும் சிரிப்பு இருக்காது. அன்றைக்கு அவர் மனைவி கைக்குழந்தையுடன் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். பணம் கடைக்குப் போகுமுன் கையில் வாங்கவேண்டுமே!

அவரைத் திருத்தியது மெமோ அல்ல. ஓய்வு பெற இரண்டு ஆண்டே பாக்கியிருந்த ஒரு சார்ஜ்மேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்ததும் பிட்டரின் சைக்கிளுக்குப் பக்கத்தில் தம் சைக்கிளையும் உருட்டிக்கொண்டு நடப்பார். சாராயக் கடை இருக்கும் தெருவைத் தாண்டி, வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவார். வழியில் பேசுவதெல்லாம் இஞ்சின் கோளாறு பற்றித்தான். சில மாதங்களில் பிட்டரே வாய் திறந்தார். ரயில்வே மருத்துவர் மூலம் சென்னைக்குச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து இரண்டு முறை சறுக்கினார். சார்ஜ்மேன் மறுபடி சைக்கிளை உருட்டினார். மூன்றாம் முறை நிலைத்தது. அதற்குப் பிறகும் அவர் நாகேஷ் போல நடித்துக் காட்டுவதை விடவில்லை. சம்பள நாளன்றும் நடித்தார். வேப்பமரத்தடியில் யாரும் நிற்கவில்லை.

இது ஒரு மனிதரின் நல்ல குணம் மட்டுமல்ல. மருத்துவமும் இதைத்தான் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் குடிக்கு அடிமையாதல் ஒரு நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்கு வணிகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவரும் குடிக்கு அடிமைப்பட்டவர்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருந்தால் அன்றைய பொழுது குடிக்காமல் கழிகிறது என்று கண்டார்கள். அதுவே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற உலக இயக்கமாயிற்று. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கியது டி.டி.கே. மருத்துவமனை. நோயாளியுடன் குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்து அங்கே ஆலோசனை தருகிறார்கள். குடி குடிப்பவனை மட்டும் பிடிப்பதில்லை, வீட்டையே பிடிக்கிறது என்பதை அறிந்து செய்த ஏற்பாடு.

அடிக்கிறவரும் அடி வாங்குகிறவரும்

இனிக் கேலிக்கு வருவோம். கவுண்டமணி - செந்தில் ஜோடியைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை முடியாது. 1984-இல் 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு. 1989-இல் 'கரகாட்டக்காரன்' படத்தில் வாழைப்பழம். கவுண்டமணி உதைப்பார், தலையைப் பற்றியும் உருவத்தைப் பற்றியும் வாய்க்கு வந்ததைச் சொல்வார். ஆனால் உற்றுப் பாருங்கள். அடிக்கிறவர் கவுண்டமணி என்றாலும் ஜெயிக்கிறவர் செந்தில்தான். ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, மிச்சமிருப்பதே மற்றொரு பழம் என்று அசையாமல் நிற்கும் பிடிவாதத்துக்கு முன்னால் பலசாலி தலையைப் பிய்த்துக்கொள்கிறார். அடுத்த காட்சியில் இருவரும் ஒன்றாக நடந்து வருவார்கள். எனவே நமக்குக் குற்ற உணர்ச்சி இல்லாமல் சிரிக்க முடிகிறது.

வடிவேலு வேறு ரகம். 2003-இல் வந்த 'வின்னர்' படத்தில் கைப்புள்ள அடி வாங்கிக்கொண்டு வருவான். வந்து, ஒன்றுமே நடக்காதது போலக் காட்டிக்கொள்வான். உடம்பெல்லாம் காயம், வாயில் வீராப்பு. அவன் மறைப்பது நமக்குத் தெரிகிறது. அதனால்தான் சிரிப்பு வருகிறது. ஆனால் நம் வீட்டில் ஒருவர் மறைத்தால் நமக்குத் தெரிவதில்லை. திரைக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

என் மகன் வேலை நிமித்தம் இங்கே குடியேறியதால், ரயிலே ஓடாத ஊரில் இந்த ரயில்வேக்காரன் இருக்கிறேன். பேரனுக்குப் பதினொரு வயது. சென்ற ஆண்டு ஒரு மாலை, சட்டைப் பை கிழிந்து, முழங்கையில் சிராய்ப்புடன் பள்ளியிலிருந்து வந்தான். என்னடா என்றால், கைப்புள்ள போல நொண்டி நடந்து காட்டினான். வீடே சிரித்தது. மருமகள் மட்டும் அன்றிரவு சட்டையைத் தைக்கும்போது அவனிடம் தனியாகக் கேட்டிருக்கிறாள். அப்போதுதான் வெளிவந்தது. பள்ளிப் பேருந்தில் நான்கு பிள்ளைகள் ஒரு மாதமாக அவனுடைய இந்தி உச்சரிப்பைக் கேலி செய்து, நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் வைத்து, பையைப் பிடுங்கி விளையாடி வந்திருக்கிறார்கள். ஆசிரியரிடம் சொன்னபோது 'பிள்ளைகள் விளையாட்டு' என்று முதலில் தள்ளிவிட்டார்கள்.

மருமகள் விடவில்லை. தேதி வாரியாக எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். பிறகு நடவடிக்கை வந்தது. ஆனால் நடவடிக்கைக்கு முன்பே பேரனுக்குத் தெம்பு தந்தவன் பக்கத்து வீட்டு வங்காளிப் பையன். ஒருநாள் பேருந்தில் எழுந்து வந்து இவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அவ்வளவுதான் செய்தான். சண்டை போடவில்லை. ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்துவிட்டால் கேலியில் பாதி ருசி போய்விடுகிறது. அந்தப் பையனுக்கு எங்கள் வீட்டில் இட்லியும் மீன் குழம்பும் எப்போதும் தயார்.

படோசனும் நாமும்

இந்தி உச்சரிப்பு என்றதும் 1968-இல் வந்த 'படோசன்' என்ற இந்திப் படம் நினைவுக்கு வருகிறது. தீவில் வாழும் நம்மில் பலர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். அதில் மெஹ்மூத் தென்னாட்டுப் பாட்டு வாத்தியாராக வந்து, குடுமியும் வேட்டியுமாகக் கோணல் இந்தி பேசுவார். மெஹ்மூத் பெரிய கலைஞர்; நாமும் சிரித்தோம். ஆனால் அதைப் பார்த்து வளர்ந்த ஊர்களில் தமிழன் வாயைத் திறந்தாலே அந்த வாத்தியாரை நினைத்துச் சிரிக்கும் வழக்கமும் வந்தது.

நாம் மட்டும் சும்மா இருந்தோமா? நம் படங்களில் சேட்டு எப்படிப் பேசுகிறார், டீக்கடை நாயர் எப்படிப் பேசுகிறார்? பக்கத்துக்குப் பக்கம் அதே கோணல் பாஷைதான். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில் ஒரே தெருவில் வங்காளி, மலையாளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர், இத்தீவிலேயே பல தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தவர் எல்லோரும் இருக்கிறோம். நம் பிள்ளையின் உச்சரிப்பைக் கேலி செய்தால் நமக்கு வலிக்கிறது. ராஞ்சிக்கார மேஸ்திரியின் தமிழை நம் வீட்டுக் கூடத்தில் நடித்துக் காட்டும்போதும் அதே வலி ஒரு வீட்டில் இருக்கும். நம் பிள்ளைகள் அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெயர் கொடுத்தவள், கோடு அழித்தவள்

ஏறக்குறைய ஐம்பதாண்டுகளில் நம் நகைச்சுவை எங்கே வந்து நிற்கிறது என்பதற்கு 2021-இல் வந்த 'மண்டேலா' ஒரு நல்ல அடையாளம். மடோன் அஸ்வின் இயக்கியது. தேசிய விருதும் பெற்றது. யோகி பாபு ஒரு கிராமத்து முடிதிருத்துபவராக வருகிறார். ஊர் அவருக்குப் பெயரே வைக்கவில்லை. 'இளிச்சவாயன்' என்றுதான் கூப்பிடும். மரத்தடியே வீடு. கூலி கேட்டால் ஏளனம். அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் தேன்மொழி சேமிப்புக் கணக்குத் தொடங்கவேண்டி அவருக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் வைக்கிறாள். பெயர் வந்ததும் அடையாள அட்டை வருகிறது. அட்டை வந்ததும் ஓட்டு வருகிறது. ஓட்டு வந்ததும் ஊரே காலில் விழுகிறது. பட்டப்பெயர் ஒரு மனிதனை எவ்வளவு தாழ்த்தும், சொந்தப் பெயர் எவ்வளவு நிமிர்த்தும் என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

குடும்பச் சண்டைக்கு 1986-இல் விசு எடுத்த 'சம்சாரம் அது மின்சாரம்' இருக்கிறது. தகப்பனும் மகனும் வீட்டுக்கு நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டு வாழும் வீட்டில், வேலைக்காரி கண்ணம்மாவாக மனோரமா ஆச்சி வருவார். வெளியிலிருந்து வம்புக்கு வந்த சம்பந்தியை வாயாலேயே மடக்குவார். பார்க்கும்போது சிரிப்பு, யோசித்தால், அந்த வீட்டில் கோட்டைப் பற்றிக் கவலைப்படாமல் இரு பக்கமும் நடந்தவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படி ஒரு கண்ணம்மா தேவை.

நாம் செய்யக் கூடியவை

இதுவரை பார்த்ததில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. லீலாவதி, மதுரம், நாயர், சார்ஜ்மேன், வங்காளிப் பையன், தேன்மொழி, கண்ணம்மா. கதையில் வந்தவர்களும் வாழ்வில் வந்தவர்களும் கலந்திருக்கிறார்கள். யாரும் பெரிய பிரசங்கம் செய்யவில்லை. பக்கத்தில் நின்றார்கள், நாளை வந்தும் நின்றார்கள். சிரிப்பு வலியை மறைக்கும், சற்று நேரம் தாங்கவும் வைக்கும். அதற்கு மேல் செய்ய ஓர் ஆள் வேண்டும். தீவில் அந்த ஆளாக இருக்க வேண்டியவர்கள் சங்கத்துக் குடும்பங்களாகிய நாம்தான்.

சில நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் நிறையக் குடித்தவரை 'இன்றோடு நிறுத்து' என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். ஒருமுறை சறுக்கியவரை 'அவ்வளவுதான்' என்று கைகழுவாதீர்கள். சறுக்கல் இந்த நோயின் இயல்பு. போதைப் பழக்கத்துக்கு அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. 2022-இல் தொடங்கிய இச்சேவையில் தமிழிலும் பேசலாம். துன்புறுத்தப்படும் பிள்ளைகளுக்கு 1098. இவற்றை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவசர எண்ணை வைத்திருப்பதால் யாரும் வீட்டுக்குத் தீ வைத்துக்கொள்வதில்லை.

பிள்ளை பள்ளியிலிருந்து வந்து வழக்கத்துக்கு மேல் கோமாளித்தனம் செய்தால் சிரியுங்கள். சிரித்து முடித்தபின் தனியே அழைத்து, பேருந்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையில் பாதிச் செய்தி இருக்கும். விருந்துகளில் ஒருவர் மட்டும் எப்போதும் தள்ளாடி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தால், அவர் மனைவி எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பொங்கல் மேடையில் நம் பிள்ளைகள் போடும் நகைச்சுவை நாடகங்களில் குடிகாரனும் குண்டனும் கறுப்பனும் உதை வாங்கும் காட்சிகளே அதிகம். பெரும்பாலும் கைபேசியில் பார்த்ததைத்தான் நடிக்கிறார்கள். இந்த ஆண்டு ஒரே ஒரு மாற்றம் செய்து பார்ப்போம். உதை வாங்கும் பாத்திரம் கட்டாயம் இருக்கட்டும். அதன் பக்கத்தில் வந்து உட்காரும் பாத்திரம் ஒன்றையும் எழுதச் சொல்வோம். கலைவாணர் 'கிந்தனார்' செய்த நாட்டில் நம் பிள்ளைகளுக்கு அது முடியாத காரியம் அன்று. கைதட்டலும் குறையாது. முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்ட நான் தயார், நீங்களும் வாருங்கள்.